பெரிய ஸ்கேன் படங்களைச் சீரமைக்கும்போது கணினி திணறுகிறது: ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி

வணக்கம். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் பழைய காகிதப் புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, கீறல்களையும் கறைகளையும் நீக்கி, மங்கியவற்றுக்குத் தெளிவு கொடுக்கும் வேலையை வீட்டுக் கணினியில் செய்துவருகிறேன். படங்களில் இருப்பவர்களுள் பலர் இப்போது இல்லை; பெரும்பாலான படங்களுக்கு நெகட்டிவும் இல்லை. ஆகையால் தரத்தில் எந்தக் குறையும் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் 1200 டிபிஐ அளவில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்), 16 பிட் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, டிஃப் கோப்புகளாக வைத்திருக்கிறேன்.

6×4 அங்குலப் படங்களில் வேலை ஓரளவு நடக்கிறது. 10×8 அங்குலக் குழுப்படங்களைத் திறந்தால்தான் தொல்லை தொடங்குகிறது. குறைகளை மறைக்கும் ஹீலிங் பிரஷ்ஷை ஒரு கீறலின் மேல் இழுத்தால், அதன் விளைவு திரையில் தெரிவதற்குச் சில நொடிகள் ஆகின்றன. பெரிதாக்கிப் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக வந்து சேர்கிறது. சேமிக்கும்போது நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கோப்பைத் திறந்த உடனே வேகம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தாலும், அரை மணி நேரம் வேலை செய்த பிறகு கணினி முழுவதுமே நகர மறுக்கிறது.

கணினியில் நான்கு கோர் பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11 ஆகியவை உள்ளன. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. ஹார்ட் டிஸ்கில் பத்தில் ஒரு பங்கு இடம்தான் காலியாக இருக்கிறது. ஸ்கேன் கோப்புகள் யுஎஸ்பி வழியாக இணைத்த வெளி ஹார்ட் டிஸ்கில் உள்ளன. அங்கிருந்தே அவற்றைத் திறந்து, அங்கேயே சேமிக்கிறேன். மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியும், வைரஸ் சோதனை செய்தும், கணினியின் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு செயலியைப் போட்டும் பார்த்துவிட்டேன். மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் அறிமுகமான ஒருவர். புதிய கணினியே வாங்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதற்குச் செலவிட்டால் உண்மையில் பயன் கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம். எதையும் வாங்குவதற்கு முன், கணினி திணறும் அந்த நேரத்தில் அதற்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தொல்லை தரும் குழுப்படத்தில் வழக்கம்போல வேலை செய்யுங்கள். பிரஷ் நின்றுபோகும் கணத்தில் பிராசஸர், மெமரி, டிஸ்க், கிராஃபிக்ஸ் ஆகிய நான்கில் எது உச்சத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது எடுத்த அளவுகளால் பயனில்லை. திணறும்போது எடுத்தவைதான் வேண்டும்.

என் ஊகம் என்னவென்றால், மெமரி கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்கும். பிராசஸர் பெரும்பாலும் ஓய்வாக இருக்கும். இப்படிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் படங்களின் அளவுதான். 10×8 அங்குலப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலம் 12,000 பிக்சல், உயரம் 9,600 பிக்சல், பெருக்கினால் 11.52 கோடி பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மதிப்புகள். 16 பிட்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டு பைட். ஆக, ஒரே ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் படத்தளம்) நினைவகத்தில் ஏறத்தாழ 691 எம்பி பிடிக்கிறது. மூலப்படத்தைப் பாதுகாப்புக்காக நான்கு முறை நகலெடுத்து ஐந்து லேயர்களாக வைத்தால் 3.4 ஜிபிக்கு மேல் போய்விடும். டிஸ்கில் கோப்பு எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் அதை நம்ப வேண்டாம். கோப்பு சுருக்கப்பட்டிருக்கலாம், ஆனால் திறந்தவுடன் நினைவகத்தில் முழு அளவுக்கு விரிந்துவிடும். உங்களுடைய 6×4 அங்குலப் படத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு லேயருக்கு 207 எம்பிதான் வருகிறது. சிறிய படத்தில் வேலை நடப்பதற்கும் பெரிய படத்தில் நின்றுபோவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உங்களிடம் இருக்கும் 8 ஜிபியும் மென்பொருளுக்குக் கிடைப்பதில்லை. விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பிரவுசர் திறந்திருந்தால் அது ஒரு பங்கை எடுக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. மிஞ்சியதற்குள் படம் அடங்காதபோது, மென்பொருள் படத்தின் பகுதிகளை ஒரு தற்காலிகக் கோப்பாக ஹார்ட் டிஸ்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவருகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இது மிகக் கடினமான வேலை. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் டிஸ்க் பாதிச் சுற்று சுற்றவே 5 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. படிக்கும் முனை இடம் மாறும் நேரம் அதற்கும் மேல். சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இப்படி எடுக்க நேர்ந்தால் அது நொடிகளாகக் கூடிவிடுகிறது. ரேமிலிருந்து எடுத்தால் இந்தத் தாமதம் இருக்கவே இருக்காது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மோசமாவதற்கும் இங்கேயே விளக்கம் இருக்கிறது. முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதிக்காக, ஒவ்வொரு செயலுக்கு முன்பும் மாறப்போகும் பகுதிகளை மென்பொருள் சேமித்துவைக்கிறது. சிறிய பிரஷ்ஷால் ஒரு புள்ளியை நீக்கினால் சேமிக்க வேண்டியது சொற்பம். முழுப் படத்துக்கும் ஒரு ஃபில்டர் போட்டால், உங்கள் கணக்கில் அந்த ஒரு செயலுக்கே 691 எம்பி வரை போகலாம். கோப்பை மூடித் திறந்தவுடன் வேகம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் காரணம் இதுதான்.

எந்த மென்பொருள் என்று நீங்கள் குறிப்பிடாததால் பலரும் பயன்படுத்தும் இரண்டைப் பற்றிச் சொல்கிறேன். போட்டோஷாப்பில் படத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டியில் எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். அது 100 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மென்பொருள் டிஸ்கை நாடத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் (திரும்பிச் செல்லக்கூடிய செயல்களின் எண்ணிக்கை) இயல்பாக 50 என்று இருக்கும். 20 ஆகக் குறைத்தால் உங்கள் வேலைக்கு அநேகமாகப் போதும். மெமரி யூசேஜ் (மென்பொருள் எடுத்துக்கொள்ளக்கூடிய ரேமின் பங்கு) இயல்பில் 70 விழுக்காடு. அதை 90க்கு ஏற்றினால் நன்மை வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். 8 ஜிபி கணினியில் அப்படிச் செய்தால் விண்டோஸுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போய், அதுவும் தன் பங்குக்கு டிஸ்கில் எழுதத் தொடங்கும். கிம்ப் என்றால் பிரிஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் டைல் கேஷ் (படத்துக்காக கிம்ப் பயன்படுத்தும் ரேம்) அளவையும், அன்டூவுக்கான (முந்தைய நிலைக்குத் திரும்புவதற்கான) மெமரி உச்சவரம்பையும் பாருங்கள். டைல் கேஷுக்கும் இதே விதிதான்: மிகக் குறைவாக வைத்தால் கிம்ப் டிஸ்கில் உள்ள தன் ஸ்வாப் கோப்பை நாடும், மிக அதிகமாக வைத்தால் இயங்குதளம் முழுவதுமே தள்ளாடும். ஸ்கேன்களை இறக்குமதி செய்யும்போது ஃப்ளோட்டிங் பாயின்ட் (தசம எண்) துல்லியத்துக்கு உயர்த்தும் ஒரு தேர்வும் கிம்ப்பில் உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் 16 பிட் படம் நினைவகத்தில் குறைந்தது இரு மடங்காகிவிடும்.

வேகத்தைக் கூட்டும் என்று போட்ட செயலியை நீக்கிவிடுங்கள். இல்லாத நினைவகத்தை அப்படிப்பட்ட எதுவும் உண்டாக்கித் தருவதில்லை. பின்னணியில் தானும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

இரண்டாவது பதில்

மேலே சொல்லப்பட்ட கணக்கோடு உடன்படுகிறேன். ஆனால் கணினியைத் தொடுவதற்கு முன்பே மாற்ற வேண்டியது ஸ்கேன் செய்யும் அளவு என்பது என் உறுதியான கருத்து. பழைய படங்களைச் சீரமைப்பதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காகிதப் பிரதியில் பதிந்திருக்கும் விவரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. பெரும்பாலான பழைய பிரதிகளுக்கு 600 டிபிஐ தாராளமாகப் போதும். பலவற்றில் 300க்கு மேல் படம் இல்லை, காகிதத்தின் இழைதான் இருக்கிறது. 1200 டிபிஐயில் நீங்கள் கூடுதலாகப் பெறுவது முகத்தின் நுணுக்கத்தை அன்று. தாளின் சொரசொரப்பையும் தூசியையும் மேலும் பெரிதாகப் பெறுகிறீர்கள், பிறகு அவற்றை நீக்க உட்காருகிறீர்கள். இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு முகத்தை மட்டும் இரண்டு அளவிலும் ஸ்கேன் செய்து, 600 டிபிஐ படத்தை இரு மடங்கு பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணிமையில் ஏதாவது கூடுதலாகத் தெரிந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் 1200ஐ வைத்துக்கொள்ளுங்கள். 10×8 அங்குலப் படத்தின் 600 டிபிஐ ஸ்கேனை 300 டிபிஐ தரத்தில் அச்சிட்டாலே 20×16 அங்குலப் பிரதி கிடைக்கும். பிக்சல் எண்ணிக்கையோ நான்கில் ஒரு பங்காகிவிடும். 691 எம்பி இருந்த லேயர் 173 எம்பிக்கு இறங்கும். எந்தப் புதிய உறுப்பும் வாங்காமல் கிடைக்கும் லாபம் இது. 35 மி.மீ. நெகட்டிவ் கையில் இருந்தால் மட்டும் கதை வேறு. அது மிகச் சிறியது, விவரம் அடர்ந்தது, ஆகவே 2400 டிபிஐ அல்லது அதற்கு மேல் தேவைப்படும்.

ஸ்கேனரின் முன்னோட்டத்தில் படத்தின் விளிம்புக்கு ஒட்டித் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியின் வெற்றுப் பரப்பும் பிக்சல்தான், அதுவும் இடம் பிடிக்கும்.

அடுத்ததாக வண்ணம். கறுப்பு வெள்ளைப் படங்களை கிரேஸ்கேலில் (நிறமின்றி, சாம்பல் சாயல்களில் மட்டும்) ஸ்கேன் செய்தால் அளவு மூன்றில் ஒன்றாகும் என்று யாராவது இங்கே பரிந்துரைக்கக்கூடும். கறையில்லாத படத்துக்கு அது சரி. பழுப்பேறிய, மஞ்சள் கறை படிந்த படத்துக்கு அதைச் செய்யாதீர்கள். மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்குகிறது, சிவப்பு ஒளியை விட்டுவிடுகிறது. எனவே வண்ணத்தில் ஸ்கேன் செய்து சேனல்களை (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் மதிப்புகளை) தனித்தனியாகப் பார்த்தால், நீலச் சேனலில் அப்பிக் கிடக்கும் கறை சிவப்புச் சேனலில் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். அந்தச் சிவப்புச் சேனலையே அடிப்படையாக எடுத்து கிரேஸ்கேலாக மாற்றினால், பிரஷ்ஷால் மணிக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதி ஒரே அடியில் முடிந்துவிடும். அளவு மூன்றில் ஒன்றாவதும் அப்போது தானாகவே கிடைக்கும். நீல மை சிந்திய படத்துக்கு இதைத் தலைகீழாக, நீலச் சேனலில் தொடங்கிப் பாருங்கள்.

16 பிட் வேண்டுமா என்பதற்கும் ஒரே சொல்லில் விடை இல்லை. மங்கிய படத்தில் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கியிருக்கும். 8 பிட்டில் மொத்தம் 256 படிகள். மங்கிய படம் அவற்றில் 80 படிகளை மட்டும் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். லெவல்ஸ் என்ற ஒளி நிழல் கருவியைக் கொண்டு அதை முழு அகலத்துக்கு இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி விழும். வானத்திலும் கன்னத்திலும் பட்டை பட்டையாகத் தெரியும். எனவே ஸ்கேன் 16 பிட்டில் இருக்கட்டும், ஒளி நிழல் திருத்தத்தையும் 16 பிட்டில் செய்யுங்கள். அது திருப்தியாக முடிந்த பிறகு ஒரு பிரதியை 8 பிட்டாக மாற்றி, தூசி நீக்கும் நீண்ட வேலையை அதில் செய்யலாம். புள்ளியையும் கீறலையும் மறைப்பதற்கு 16 பிட் தேவையில்லை.

லேயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காகப் பின்னணியை மீண்டும் மீண்டும் நகலெடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதற்குப் பதிலாக மேலே ஒரு வெற்று லேயரைச் சேர்த்து, ஹீலிங் பிரஷ் கீழுள்ள லேயரிலிருந்தும் மாதிரி எடுக்கும்படி அமைத்துவிட்டு, அந்த வெற்று லேயரிலேயே திருத்துங்கள். போட்டோஷாப்பில் சாம்பிள் என்ற இடத்தில் கரன்ட் அண்ட் பிலோ என்பதையும், கிம்ப்பில் சாம்பிள் மெர்ஜ்டு என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டோஷாப்பில் அப்படிச் செய்த லேயரில் நீங்கள் தொட்ட பிக்சல்கள் மட்டுமே இடம் பிடிக்கும். மூலப்படமோ கீழே தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஒளி நிழல் திருத்தத்துக்கு அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (படத்தைத் தொடாமல் திருத்தத்தை மட்டும் வைத்திருக்கும் லேயர்) பயன்படுத்தினால் அங்கேயும் ஒரு முழு நகல் மிச்சமாகும்.

பிரஷ்ஷின் அளவையும் கவனியுங்கள். விட்டம் இரு மடங்கானால் அது தொடும் பரப்பு நான்கு மடங்காகிறது. நீண்ட கீறலைப் பெரிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் அழிக்க முயல்வதைவிட, கீறலைவிடச் சற்றே அகலமான பிரஷ்ஷால் துண்டு துண்டாக நீக்குவது கணினிக்கும் எளிது, முடிவும் இயல்பாக இருக்கும்.

மூன்றாவது பதில்

சுருக்கமாக மூன்று செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

வெளி ஹார்ட் டிஸ்க்கை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளையின் பெயரளவு வேகமே நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரைதான் கிடைக்கும். மூன்று ஜிபி கோப்பு அந்த வழியாகப் போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், சேமிக்கும்போது நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி இதில்தான் போகிறது. யுஎஸ்பி 3.0 துளைகளின் உட்பகுதி பல கணினிகளில் நீல நிறத்தில் இருக்கும். துளை மட்டும் மாறினால் போதாது, கேபிளும் அதற்குரியதாக இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும், வேலை செய்யும் கோப்பை உள் டிஸ்க்குக்கு நகலெடுத்து, முடித்த பிறகு திருப்பி அனுப்புவதே நல்லது. போட்டோஷாப் தன் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்புகளைச் சுருக்கிச் சேமிப்பதை நிறுத்தும் தேர்வு அதன் பிரிஃபரன்சஸில் உண்டு. அதைக் கையாண்டால் கோப்பு பெரிதாகும், ஆனால் சேமிக்கும் நேரம் குறையும்.

அரை மணி நேரத்தில் வேகம் குறைவதற்கு வெப்பமும் காரணமாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரின் பிராசஸர் பக்கத்தில் ஸ்பீடு என்று ஓர் எண் தெரியும்; அருகிலேயே பேஸ் ஸ்பீடும் (அடிப்படை வேகமும்) இருக்கும். திணறும்போது முதல் எண் இரண்டாவதைவிட வெகுவாகக் கீழே இறங்கியிருந்து, அதே வேளையில் பிராசஸரின் பயன்பாடு மட்டும் உச்சத்தில் நின்றால், விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. உங்கள் ஸ்கேன்கள் ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இருப்பதாகத் தெரிகிறது. பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் இப்படியே மெதுவாகும். படிக்க முடியாத இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயலும்போது டாஸ்க் மேனேஜரில் பயன்பாடு 100 என்று காட்டும், ஆனால் நொடிக்குச் சில எம்பிகூட நகராது. வேறு எந்தச் சோதனைக்கும் முன்பு எல்லாக் கோப்புகளையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பிறகு ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்துவைப்பதை) காட்டும் ஏதேனும் ஒரு கருவியால் இரண்டு டிஸ்க்குகளையும் சோதித்து, ரீஅலொகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட இடம்), பெண்டிங் செக்டர் (பழுதென ஐயப்படும் இடம்) என்ற வரிகளில் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து முடித்தேன். இரண்டு டிஸ்க்குகளின் ஸ்மார்ட் தகவலிலும் கவலைப்படும்படியாக ஒன்றும் இல்லை.

குழுப்படத்தைத் திறந்து, சொன்னபடியே கவனித்தேன். மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. பிரஷ் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் உள் ஹார்ட் டிஸ்க் 100 விழுக்காட்டைத் தொடுகிறது. பிராசஸர் கால்வாசிக்கு மேல் ஏறுவதில்லை, அதன் வேகமும் இறங்கவில்லை. கிராஃபிக்ஸ் பயன்பாடு பெரும்பாலும் தரையோடு கிடக்கிறது. கோப்பை மூடித் திறந்தால் வேகம் திரும்புகிறது. வெளி டிஸ்க் யுஎஸ்பி 2.0 துளையில்தான் இருந்தது; மாற்றிவிட்டேன், கோப்பு திறக்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒரு குழுப்படத்தை 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து, முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூடுதல் விவரம் எதுவும் 1200இல் எனக்குத் தெரியவில்லை. வெற்று லேயர் முறையில் அந்தப் படத்தைத் திருத்தியபோது பிரஷ் கையோடு வந்தது. சிவப்புச் சேனல் வழி என்னை வியக்க வைத்தது. என் பாட்டியின் படத்தில் முகத்தின் குறுக்கே படிந்திருந்த மஞ்சள் கறை, நான் தொடாமலே பெருமளவு மறைந்துவிட்டது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. எதிர்காலத்துக்காகக் கணினியில் ஒரு மாற்றம் செய்வதென்றால் ரேம், எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) இரண்டில் எதை முதலில் செய்வது? ஏற்கெனவே 1200 டிபிஐயில் எடுத்துவிட்ட படங்களை எல்லாம் திரும்பவும் ஸ்கேன் செய்ய வேண்டுமா? சில பிரதிகள் மிகவும் நொறுங்கிய நிலையில் உள்ளன. அவற்றை மறுபடி கண்ணாடியில் வைக்க மனம் வரவில்லை.

முதல் பதில் எழுதியவர்

நீங்கள் தந்திருக்கும் அளவுகளைப் பார்க்கும்போது கிராஃபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சை இப்போதைக்கு முழுவதுமாக விட்டுவிடலாம். ஓய்வாக இருக்கும் உறுப்பை மாற்றுவதால் வேகம் கூடப்போவதில்லை. பிராசஸருக்கும் இதே பதில்தான். ஆகவே புதிய கணினியும் தேவையில்லை.

ரேமும் எஸ்எஸ்டியும் ஒரே நோயின் இரண்டு முனைகளைத் தொடுகின்றன. ரேம் கூடினால் டிஸ்கை நாட வேண்டிய தேவை குறைகிறது. எஸ்எஸ்டி வந்தால் நாடும்போது ஏற்படும் தாமதம் குறைகிறது. கோப்புகளின் அளவை நீங்கள் குறைத்துவிட்டதால் ரேமின் நெருக்கடி பாதி தீர்ந்திருக்கிறது. அதனால் எஸ்எஸ்டியை முதலில் வைப்பேன். விண்டோஸ் தொடங்குவது, மென்பொருள் திறப்பது, கோப்பைத் தேடுவது என்று நாள் முழுவதும் அதன் பயன் தெரியும். மதர்போர்டில் என்விஎம்இ என்னும் வேகமான எஸ்எஸ்டி வகைக்கான எம்.2 துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றாலும் வருந்த வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும், சிதறிய துண்டுகளை எடுப்பதில் சுழலும் டிஸ்க் அதன் அருகில்கூட வர முடியாது. விண்டோஸ், மென்பொருள், தற்காலிகக் கோப்பு, அன்றைக்கு வேலை செய்யும் படம் ஆகிய நான்கும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் முடிந்த படங்களின் இருப்பிடமாகட்டும். போட்டோஷாப்பானால் ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற பகுதியிலும், கிம்ப்பானால் ஃபோல்டர்ஸ் பகுதியில் ஸ்வாப் என்ற இடத்திலும் இதை மாற்ற வேண்டும். தானாக மாறியிருக்கும் என்று விட்டுவிடாமல் சரிபாருங்கள், பலர் எஸ்எஸ்டி போட்ட பிறகும் இதை மாற்றாமல் விட்டுவிட்டு வேகம் வரவில்லை என்கிறார்கள். எஸ்எஸ்டியையும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

ரேமை அடுத்ததாகச் செய்யும்போது, இப்போது இருக்கும் ஸ்டிக்கின் வகையையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு, அதே அளவுள்ள இன்னொன்றைச் சேர்த்து 16 ஜிபி ஆக்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றின் துளையில் மற்றொன்று பொருந்தாதவை. இரண்டு ஸ்டிக்குகள் சரியான துளைகளில் அமர்ந்தால் இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு போய்வரும்; உங்களைப் போல ரேமையே கிராஃபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் கணினியில் படத்தை நகர்த்துவதும் பெரிதாக்குவதும் அதனால் இலகுவாகும்.

இரண்டாவது பதில் எழுதியவர்

நொறுங்கிய பிரதிகளை மறுபடி எடுக்கவே வேண்டாம். 1200 டிபிஐ கோப்பைத் திறந்து, வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்து, அந்தப் பிரதியின் அகலத்தையும் உயரத்தையும் சரிபாதியாகக் குறைத்து வேலையைத் தொடங்குங்கள். நான்கு பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகும்போது அவற்றின் மதிப்புகள் சராசரியாவதால் ஸ்கேனரின் இரைச்சலும் ஓரளவு அடங்கும். எனவே நேரடியாக 600இல் எடுத்த ஸ்கேனைவிட இது தாழ்ந்ததாக இருக்காது. குறைப்பதை லேயர் எதுவும் சேர்ப்பதற்கு முன்பு, 16 பிட் நிலையிலேயே செய்துவிடுங்கள். 1200 டிபிஐ மூலக்கோப்புகளை அழிக்காதீர்கள். காகிதப் பிரதிகள் நொறுங்கிய நிலையில் இருக்கும்போது அந்தக் கோப்புகளே உங்களிடம் உள்ள நெகட்டிவ். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் வைத்து, கோப்பின் பண்புகளில் படிக்க மட்டும் என்ற குறியை இட்டுவிட்டால், அவசரத்தில் அவற்றின் மேலேயே சேமித்துவிடும் அபாயமும் இருக்காது.

ஏற்கெனவே பாதி திருத்தி, பல முழு லேயர்களோடு நிற்கும் படங்கள் இருந்தால் அவற்றை மட்டும் வேறு விதமாகக் கையாளுங்கள். முடிந்துவிட்ட திருத்தங்களை ஒரே லேயராக இணைத்து, அதன் பிறகு அளவைப் பாதியாக்கி, புதிய வெற்று லேயரோடு தொடருங்கள். ஹிஸ்டரியை பர்ஜ் கட்டளையால் காலி செய்யலாம், ஆனால் அதன் பின் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை என்பதால், முதலில் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.